ஆங்கில முதுகலையும் ஒல்லையூர் முல்லையும்

பிறமொழி இலக்கியத்தை முறையாகப் பயின்ற ஒருவன் அப்பயிற்சியால் தன் மொழி இலக்கியத்தைக் காணும் கண்ணைப் பெறுகின்றானா, இழக்கின்றானா என்பது தமிழ்நாட்டுக் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் வினா. பெறுகின்றான் என்பார் ஆங்கிலம் கற்றோர் தமிழ்த் திறனாய்வுக்கு ஆற்றிய தொண்டினை எடுத்துக்காட்டுவர். இழக்கின்றான் என்பார் அயல்நாட்டு அளவுகோல் கொண்டு நம் செய்யுட்களை அளந்து பிழைபட்டவர்களை எடுத்துக்காட்டுவர். இரு சாராரும் பொதுவகையால் பேசுகின்றனரேயன்றி, ஒரு பாட்டினை முன்வைத்து இதனை ஆராய்ந்தாரல்லர். பொதுவகையாற் பேசுமிடத்து இவ்வினாவுக்கு விடை காண்டல் அரிது. ஆதலின் யாம் ஓர் ஊரையும் ஒரு பாட்டையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம். ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. பாட்டு புறநானூற்றின் 242ஆம் பாட்டு.

ஆங்கில இலக்கியம் பாடமானமை

ஆங்கில இலக்கியம் ஒரு கல்வித்துறையாக வளர்ந்த வரலாறு வியப்புக்குரியது. மெக்காலேயின் குறிப்பு 1835இல் எழுதப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. இக்காலத்தே இந்திய மாணாக்கர் மில்டனையும் சேக்சுபியரையும் பாடமாகப் பயின்று தேர்வெழுதினர். ஆனால் ஆக்சுபோர்டில் ஆங்கிலத்துக்கெனச் சிறப்புப் பாடப்பிரிவு அமைந்தது 1894இல்தான். கேம்பிரிட்சில் அது தனித் தேர்வாக நிலைபெற்றது 1917இல். ஆங்கில இலக்கியக் கல்வி இங்கிலாந்தில் வேரூன்றுமுன் இந்தியாவில் வேரூன்றிற்று என்பதனையும், ஆட்சியின் தேவை அதற்குக் காரணமாயிற்று என்பதனையும் கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட தம் நூலில் விரித்து விளக்கியுள்ளார்.

புதுக்கோட்டை தனியரசாக விளங்கிய காலத்தில், 1880இல், ஆங்குக் கல்லூரி எழுந்தது. மன்னர் கல்லூரி என வழங்கும் அதில் பயின்றோருள் முத்துலட்சுமி ரெட்டியும் தீரர் சத்தியமூர்த்தியும் நாடறிந்தவர்கள். அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய இராதாகிருட்டிண ஐயர் 1916இல் புதுக்கோட்டைத் தனியரசின் பொது வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். ஆங்கிலக் கல்வி பெற்ற ஒருவர், தாம் நின்ற மண்ணின் கோயில்களையும் கல்வெட்டுகளையும் குடிகளையும் நோக்கி அக்கல்வியைத் திருப்பினார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 1948இல் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழ் அக்கல்லூரியில் ஆங்கில முதுகலை பயிற்றப்படுகின்றது.

ஆங்கில முதுகலை இரண்டாண்டுப் படிப்பு. சாசர் முதல் இக்காலம் வரையுள்ள கவிதை, நாடகம், புதினம், திறனாய்வு, மொழியியல், இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியம், ஒப்பிலக்கியம் என அதன் பாடங்கள் பொதுவாக அமையும். அதனைப் பயில வருவோருட் பலர் சிற்றூர்களிலிருந்து வருவோர். பள்ளியில் தமிழ் வாயிலாகக் கற்றோர். தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தோர். ஆசிரியப் பணி கருதியும், ஆங்கிலம் கைவந்தால் பிற பணிகள் எளிதிற் கிட்டும் என்பது கருதியும் அவர்கள் இப்படிப்பை மேற்கொள்கின்றனர். அந்நோக்கம் இகழத்தக்கதன்று. எனினும் படிப்பின் பெயர் இலக்கியம் என்றிருத்தலின், இலக்கியத்தை நுகரும் ஆற்றலை அது தருகின்றதா என வினவும் உரிமை நமக்குண்டு.

ஒல்லையூரும் அதன் பாட்டும்

சங்க இலக்கியத்தில் ஒல்லையூர் சிறப்பிடம் பெற்ற ஊர். அதனை மீட்டுத் தந்தமையால் ஒரு பாண்டியன் 'ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன்' எனப் பெயர் பெற்றான். அவன் பாடிய வஞ்சினப் பாட்டு புறநானூற்றின் 71ஆம் பாட்டாக உள்ளது. அவன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த அவன் தேவி பெருங்கோப்பெண்டின் பாட்டு 246ஆம் பாட்டாக உள்ளது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஒல்லையூர்க் கூற்றம் என்னும் நாட்டுப் பிரிவு குறிக்கப்படுகின்றது. இம்மாவட்டத்து ஒலியமங்கலமே பண்டை ஒல்லையூர் என்பர் அறிஞர். ஆகவே புதுக்கோட்டையில் ஆங்கில முதுகலை பயிலும் மாணாக்கர் ஒருவர் சிறிது தொலைவு பேருந்திற் சென்றால் இப்பாட்டுகள் பிறந்த மண்ணில் நிற்கலாம்.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாட்டே யாம் ஆராய எடுத்துக்கொண்டது. அது ஆறே அடிகளால் ஆயது. அதன் பொருளைச் சுருங்கக் கூறின் வருமாறு: இளைஞர் பூச்சூடமாட்டார், வளையணிந்த மகளிர் கொய்யமாட்டார், பாணன் தன் யாழின் கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பூவெடுத்துச் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள், வலிய வேலையுடைய சாத்தன் மறைந்த பின்னர், முல்லையே, நீயும் பூக்கின்றாயோ இந்நாட்டில் என்பதாம்.

பாட்டு இவ்வளவே. புலவர் தாம் அழுததாகக் கூறவில்லை. சாத்தன் புகழை ஓரடியளவில் கூறி அமைகின்றார். பிறகு முல்லையை வினவுகின்றார். அவ்வினாவோடு பாட்டு முடிகின்றது.

மில்டனின் கையறுநிலையோடு ஒப்பிடல்

ஆங்கில முதுகலை மாணாக்கர் இரங்கற்பாவுக்குத் தலையாய எடுத்துக்காட்டாகக் கற்பது மில்டனின் 'லிசிடாசு'. மில்டனோடு கேம்பிரிட்சிற் பயின்ற எட்வர்டு கிங் என்பவர் 1637இல் ஐரியக் கடலிற் கலமுடைந்து இறந்தார். அவருக்கு இரங்கி எழுந்த பாக்களின் தொகுதியில் மில்டனின் பாட்டு 1638இல் வெளிவந்தது. 193 அடிகளையுடைய அப்பாட்டில் இறந்தவரும் பாடுபவரும் ஆயராக உருவகிக்கப்படுகின்றனர். கிரேக்கத் தியாக்கிரிட்டசும் இலத்தீன் வெர்சிலும் வகுத்த ஆயர்பாட்டு மரபின் வழிவந்தது அது.

அதிலும் பூக்கள் உண்டு. இளவேனிற் பூக்களையெல்லாம் பெயர் கூறி அழைத்து, இறந்தவர் பாடைமேற் சொரியுமாறு கவிஞர் வேண்டுகின்றார். ஆனால் உடல் கடலிற் போயிற்று, பாடையே இல்லை. தம் வேண்டுகோள் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் ஒரு பொய்க் கற்பனையே என அடுத்த அடிகளில் கவிஞர் தாமே ஒப்புக்கொள்கின்றார். அவ்விடமே அப்பாட்டின் உயிர்நிலை என்பது எம் கருத்து. சாமுவேல் ஜான்சன் தாம் எழுதிய மில்டன் வரலாற்றில் இப்பாட்டில் உண்மைத் துயர் இல்லை எனக் கடிந்துரைத்தார். மரபென்னும் போர்வையை மட்டும் நோக்கி, அப்போர்வை ஓரிடத்திற் கிழிந்து உண்மை வெளிப்படுவதை அவர் காணாது விட்டார்.

இரு பாட்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து முதலில் தோன்றுவது, இரண்டும் இறந்தோனையும் பூவையும் இணைக்கின்றன என்பது. மாணாக்கர் பலர் இவ்வொப்புமையைக் கண்டவுடன் மனநிறைவு எய்திவிடுவர். ஆனால் ஆராய்ச்சி அங்கே தொடங்குவதன்றி முடிவதன்று. மில்டன் பூக்களை வருக என அழைக்கின்றார். கீரத்தனார் பூத்ததனை ஏன் எனக் கேட்கின்றார். மில்டனின் பூக்கள் துயரிற் பங்கு கொள்ளும் பூக்கள். கீரத்தனாரின் முல்லை துயரை அறியாத பூ. மில்டனின் பாட்டு இறந்தவர் விண்ணுலகில் வாழ்கின்றார் என்னும் ஆறுதலில் முடிகின்றது. ஒல்லையூர்ப் பாட்டில் ஆறுதல் ஒரு சொல்லளவும் இல்லை.

இயற்கைக்கு உணர்ச்சி ஏற்றுதல்

ஆங்கிலத் திறனாய்வு கற்றவர் இவ்விடத்து ரசுகினை நினைவுகூர்வர். 1856இல் வெளிவந்த தம் ஓவிய நூற்பகுதியில், உணர்ச்சி மிகுதியால் மானிடப் பண்புகளை இயற்கைமேல் ஏற்றிக் கூறுதலை அவர் ஒரு மயக்கம் எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். சிறந்த கவிஞர் அம்மயக்கத்திற்கு எளிதில் ஆட்படார் என்பது அவர் கொள்கை. தமிழிலக்கியம் பயில்வோர் சிலர் இக்கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, கீரத்தனார் முல்லையை விளித்துப் பேசுதலும் அம்மயக்கமே என்று முடிபு கூறுதல் கூடும். அது பொருந்தாது. முல்லை வருந்துகின்றது என்று புலவர் கூறினாரல்லர். அது வருந்தாமையே அவர் கண்ட உண்மை. இயற்கை தன் போக்கில் இயங்குவதை உள்ளவாறு கண்டமையாலேயே அவர் துயர் மிகுகின்றது. மயக்கம் இருப்பின் வினவும் செயலில் உண்டு. கண்ட காட்சியில் இல்லை.

ஆங்கில இலக்கியத்தில் இதற்கு நெருங்கிய உறவினைத் தேடின், அது லிசிடாசில் இல்லை. தாமசு கிரே தம் நண்பர் ரிச்சர்டு வெசுட்டு 1742இல் இறந்தபோது பாடிய பதினான்கடிப் பாட்டில் ஞாயிறும் பறவைகளும் வயல்களும் வழக்கம்போல் இயங்குகின்றன. துயருற்ற நெஞ்சம் ஒன்றே அவற்றிலிருந்து விலகி நிற்கின்றது. இன்னும் நெருங்கியது ஸ்காத்துலாந்துக் கவிஞர் இராபர்ட் பர்ன்சு 1791 அளவில் இயற்றிய தூன் ஆற்றங்கரைப் பாட்டு. காதலனாற் கைவிடப்பட்ட பெண்ணொருத்தி, தான் இத்துணைத் துயருழக்கும்போது இவ்வளவு அழகாகப் பூத்தல் எங்ஙனம் இயலும் என ஆற்றங்கரையை வினவுகின்றாள். வினவும் பொருளும் வினவும் முறையும் கீரத்தனாருடையனவற்றோடு ஒத்துள்ளன. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியில்லை. துயருற்ற மனம் பூத்த கொடியை நோக்கிப் பேசுதல் மாந்தர்க்குப் பொதுவான இயல்பு என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் இங்கும் ஒரு வேறுபாடு உண்டு. பர்ன்சின் பெண் தனியொருத்தி. அவள் துயர் அவளுடையது. ஒல்லையூர்ப் பாட்டில் 'யான்' என்னும் சொல்லே இல்லை. இளைஞர், மகளிர், பாணன், பாடினி என ஆணும் பெண்ணுமாக இரண்டு இணைகள் வருகின்றன. முன்னிணை ஊரார், பின்னிணை அவ்வூரை நாடி வந்த கலைஞர். நான்கு எதிர்மறை வினைகளால் ஓர் ஊர் முழுவதன் வாழ்வும் நின்றுபோனமை காட்டப்படுகின்றது. ஒவ்வோர் எதிர்மறையினுள்ளும் ஓர் உடன்பாடு மறைந்துள்ளது. சூடார் என்றதனால் முன்பு சூடினர் என்பது பெறப்படும். பாணன் யாழ்க்கோட்டால் கொடியை மெல்ல வளைத்தான் என்னும் நுண்ணிய செய்கை சாத்தன் வாழ்ந்த நாளைக்கு உரியது. இன்று நிகழாத ஒன்றைக் கூறுமிடத்தும் 'மெல்ல' என்னும் அச்சொல்லைப் புலவர் விடாது போற்றினார்.

முல்லையும் ஆயர்பாட்டும்

இனி, மாணாக்கர் பெரிதும் வழுக்கும் இடத்திற்கு வருவாம். முல்லை காடுறை நிலம்; அதில் வாழ்வோர் ஆயர். ஆகவே ஆங்கில ஆயர்பாட்டு மரபும் தமிழ் முல்லைத்திணையும் ஒன்றே என்று கூறுதல் ஒப்பிலக்கிய வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. நிலத்தளவில் இவ்வொப்புமை உண்மையே. பொருளளவில் அது பிழைக்கு வாயிலாகும். ஆங்கில ஆயர்பாட்டில் ஆயன் என்பது கவிஞன் புனைந்துகொள்ளும் வேடம். நகரிலுள்ள கற்றறிந்தோன் ஆயனாக நடித்துப் பாடுகின்றான். தமிழ் முல்லைக்கு வேடம் இன்றியமையாததன்று. அதன் உரிப்பொருள் இருத்தல், பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. வினைமேற்சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிப் பிரிவான். தலைவி ஆற்றியிருப்பாள். கார் தொடங்கியதை அறிவிக்கும் அடையாளம் முல்லையின் மலர்ச்சி. ஆதலின் அகப்பாட்டு மரபில் முல்லை பூத்தல் என்பது 'அவர் வருவார்' என்னும் பொருளைத் தாங்கி நிற்பது.

இம்மரபினை உளங்கொண்டு கீரத்தனார் பாட்டை மீண்டும் நோக்குவாம். முல்லை பூத்திருக்கின்றது. பூத்தால் பிரிந்தோன் மீளவேண்டும். இங்கே பிரிந்தோன் மீளான். காலங்காலமாக ஒரு வாக்குறுதியாக விளங்கிய பூ இன்று பொருளிழந்து நிற்கின்றது. வேறு எப்பூவையும் விளிக்காது முல்லையை விளித்ததன் பயன் இதுவாதல் கூடும். அகத்தின் நம்பிக்கைப் பூவினைப் புறத்தின் கையறுநிலையில் வைத்தார் புலவர். துறை வகுத்தோர் இதனைக் கையறுநிலை என்றனர். செயலற்ற நிலை என்னும் அப்பெயரே பாட்டின் உள்ளத்தைக் காட்டுகின்றது.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டோடு இதனை ஒப்புநோக்கின் இக்கருத்து மேலும் வலிபெறும். பருவங்கண்டு வருந்திய தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். கார் இன்னும் வரவில்லை. பருவமல்லாத மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்தது. அது அறிவில்லாத மரம் என்கின்றாள். அங்குப் பூவைப் பழித்தலால் ஆறுதல் பிறக்கின்றது. ஏனெனில் உண்மைக் கார் இனிமேல் வரும். ஒல்லையூரில் முல்லையைக் கடிந்தும் ஆறுதல் இல்லை. ஏனெனில் காலம் பொய்த்திலது. பருவத்தே பூத்த பூவாதலின் அதனைப் பொய்யென்று தள்ளிவிடவும் இயலவில்லை.

இலக்கணமும் இங்குத் துணைநிற்கின்றது. முல்லை என்பதனோடு நின்ற உம்மையை எச்சவும்மையாகக் கொள்ளின், 'நீயும்' என்பது பிறரையும் தழுவும். பெருஞ்சாத்தன் மாய்ந்த பின்னும் உலகில் நிலைபெற்றிருப்போர் அனைவரும் அவ்வும்மையில் அடங்குவர். பாடுகின்ற புலவரும் அவருள் ஒருவர். யான் இன்னும் வாழ்கின்றேன், நீயும் பூக்கின்றாய் என்னும் நாண் அவ்வோர் இடைச்சொல்லில் ஒளிந்துள்ளது எனக் கொள்ளலாம். மேலும் முல்லை, ஒல்லை என்னும் இரண்டும் ஓரடியுள் எதுகையாக இயைந்துள்ளன. பூவும் ஊரும் ஓசையாற் பிணைக்கப்பட்டமையால், இது எங்கோ பூத்த முல்லையன்று, சாத்தனது நாட்டு முல்லை என்பது செவிவழியாகவே உணர்த்தப்படுகின்றது.

தடைகளும் விடைகளும்

இவ்வாராய்ச்சியில் எதனை ஆங்கிலக் கல்வி தந்தது, எதனைத் தமிழ்க் கல்வி தந்தது எனப் பிரித்தறிவது பயனுடைத்து. பூ துயரிற் பங்கு கொள்கின்றதா, இல்லையா என்னும் வினா மில்டனாலும் ரசுகினாலும் எழுந்தது. அவ்வினா எழாதவரை, உரைகாரர் வழிநின்று சொற்பொருள் கூறி அமைந்திருப்போம். ஆனால் அவ்வினாவின் விடை திணையறிவாலும் இலக்கண அறிவாலும் கிடைத்தது. அவ்வறிவு இல்லாதார்க்கு முல்லை ஒரு வெண்பூ மட்டுமே.

முதுகலை மாணாக்கர்க்குத் தேர்வும் பணியும் இருக்க, ஒல்லையூர் எதற்கு என்று தடை கூறுவோர் உளர். ஆங்கிலப் பாட்டினைச் சிறக்க உணர்தற்கே அது வேண்டும் என்பது எம் விடை. கார்காலத்து முல்லையைக் கண்டறிந்தவர், மில்டன் அடுக்கிய அயல்நாட்டுப் பூக்களைத் தாம் காணாதிருந்தும், அவை ஏன் அடுக்கப்பட்டன என்பதை உணர்வர். தம் மொழிப் பாட்டில் ஒரு வினாவின் ஆழத்தை அளந்தறியாதவர், பிறமொழிப் பாட்டுக்குப் பிறர் எழுதிய குறிப்பேட்டை மனப்பாடம் செய்தலன்றி வேறு செய்ய இயலாது. நம் வகுப்புகளில் அது பெருகி வருதல் கண்கூடு.

இஃது ஈராயிரம் ஆண்டுப் பழம்பெருமை பேசுவதற்கு மற்றொரு வாயில் என்று தடை கூறுவாரும் உளர். அவ்வச்சம் முற்றிலும் தவறன்று. ஒப்பிலக்கியம் என்ற பெயரால், ஆங்கிலக் கவிஞர் கூறியவற்றையெல்லாம் நம் புலவர் முன்னரே கூறிவிட்டனர் எனப் பட்டியல் தொகுக்கும் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. அவை இரு மொழிக்கும் தீங்கு செய்வன. கீரத்தனார் மில்டனினும் உயர்ந்தவர் என்று நிறுவுதல் எம் நோக்கமன்று. 193 அடிகளில் ஒரு மரபினை எடுத்து, வளர்த்து, ஐயுற்று, மீண்டும் ஏற்கும் ஆற்றல் மில்டனுடையது. ஆறு அடிகளில் ஐயமும் ஆறுதலும் இன்றி நின்றுவிடும் ஆற்றல் கீரத்தனாருடையது. இரண்டும் இருவேறு ஆற்றல்கள்.

ஆங்கிலம் பயின்றவர் தமிழ் மரபுக்கு மீண்டு வருதற்கு அண்மைக்காலச் சான்று ஏ. கே. இராமானுசன். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். சிகாகோ நகரின் பல்கலைக்கழக நூலகத்தில் 1962இல் உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு அவர் கண்ணிற்பட்டது. அதன் பயனாக 1967இல் குறுந்தொகைப் பாட்டுகள் பலவற்றின் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டார். 1985இல் அகமும் புறமும் அடங்கிய பெருந்தொகுதியொன்றை வெளியிட்டார். ஆங்கிலக் கவிதையிற் பெற்ற பயிற்சியே அப்பணிக்கு அவர் கைக்கருவியாயிற்று. ஆயினும் அவர் தம் மரபினைக் கடல் கடந்து சென்று காணவேண்டியதாயிற்று. புதுக்கோட்டை மாணாக்கர்க்கு அந்நெடுவழி வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போதருவது யாது? ஆங்கில முதுகலை தன்னளவில் கண்ணைத் தருவதுமன்று, கெடுப்பதுமன்று. அது வினாக்களைத் தருவது. அவ்வினாக்களை எம்மண்ணில் நின்று எழுப்புகின்றோம் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். 'ஆயர்பாட்டே முல்லை' என்பது போன்ற விரைந்த முடிபுகளால் இரண்டு மரபும் மறைக்கப்படும். ஒன்றையொன்று எவ்விடத்தில் ஒவ்வாது நிற்கின்றது எனத் தேடுவார்க்கே இரண்டும் தம்மை வெளிப்படுத்தும்.

ஆங்கில முதுகலை மாணாக்கர் படிப்பின் இறுதியில் ஆய்வேடு எழுதுதல் பல இடங்களில் வழக்கமாக உள்ளது. ஒல்லையூரோடு தொடர்புடைய 71, 242, 246ஆம் புறப்பாட்டுகளையும், பெருங்கோப்பெண்டின் முடிவினை மதுரைப் பேராலவாயார் பாடிய 247ஆம் பாட்டையும் ஆங்கில இரங்கற்பாக்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் ஒரு நல்லாய்வாக அமையும். அதற்குத் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே மாணாக்கரை இருபுறமும் அமர்த்தி வழிகாட்டல் வேண்டும். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இயங்கும் இவ்விரு துறையும் ஒன்றன் நூலை மற்றொன்று எடுத்துப் பாராதிருத்தல் நம் கல்வியின் குறை. அதனைக் களைதற்குப் புதிய சட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை.

கார்காலந்தோறும் முல்லை பூக்கின்றது. பெருஞ்சாத்தனை இழந்த புலவர் அதனைக் கேட்ட வினாவுக்கு அது விடை கூறவில்லை. அவ்வினாவைப் புரிந்துகொள்ளும் மாணாக்கர் அம்மண்ணிலேயே இருக்கின்றனர். அவர்கள் கையில் இன்று மில்டனும் உள்ளார். கீரத்தனாரையும் உடன் வைத்தல் ஆசிரியராகிய நம் கடன்.